வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள்

முப்பது நாளில் ஒரு மொழியைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் சிறுநூல்களின் முதல் பாடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சந்திக்கும்போது என்ன சொல்வது, பிரியும்போது என்ன சொல்வது என்று அது கட்டம் போட்டுக் காட்டும். முதல் வரிசை சிக்கலில்லாமல் நிரம்பிவிடும்: ஆங்கிலத்தில் ஹலோ, பிரெஞ்சில் போன்ழூர், கன்னடத்தில் நமஸ்கார, தமிழில் வணக்கம். இரண்டாம் வரிசையில் பிரெஞ்சுக்கு ஓ ரெவ்வார், ஆங்கிலத்துக்கு குட்பை என்று எழுதியவர் தமிழுக்கும் கன்னடத்துக்கும் வரும்போது சற்றுத் திணறுவார். "போய் வருகிறேன்", "ஹோகி பர்தீனி" என்று தன்மையும் காலமும் ஏறிய முழு வாக்கியங்கள் அங்கே வந்து உட்காரும். நம்மிடம் வரவேற்க ஒரு சொல் இருக்கிறது, பிரிய ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. இந்தக் கோணலைப் பாடநூல்கள் கவனிப்பதில்லை. சந்திப்புச் சொல்லும் பிரிவுச் சொல்லும் ஒரே நாணயத்தின் இரு பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை: முதலாவது தெருவிலும் மேடையிலும், இரண்டாவது வீட்டு வாசலில். அதனால்தான் முதலாவதற்காக மனிதர்கள் சண்டை போடுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இதைச் சோதித்துப் பார்க்கப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, மலையாளம் பேசுகிறவர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் நகரம் இது.

பிரெஞ்சிலிருந்து தொடங்கலாம், அங்கே கணக்கு தெளிவாக இருக்கிறது. போன்ழூர் என்றால் "நல்ல பகல்". மாலையில் அது போன்ஸ்வார் ஆகும். நெருங்கியவர்களிடம் சொல்லும் சலூ, உடல்நலத்தையும் மீட்பையும் குறித்த ஒரு லத்தீன் சொல்லின் பேரன். வரும்போதும் சொல்லலாம், போகும்போதும் சொல்லலாம். ஓ ரெவ்வார் என்பது "மறுபடி பார்க்கும்வரை". அதியூ என்றால் "கடவுளிடம்", அதாவது உன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன். பொதுப் பிரெஞ்சில் இனிச் சந்திக்கவே மாட்டோம் என்ற கனம் அதற்கு உண்டு. ஆனால் பிரான்சின் தென்பகுதியிலும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் அதே அதியூவை எதிரே வருகிறவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். கனடாவின் கியூபெக்கில் போன்ழூர் சொல்லி விடைபெறவும் செய்கிறார்கள். அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு முகமன் சொல்லை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1923இல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: இத்தகைய பேச்சு செய்தி சொல்வதற்கானது அன்று, இருவரைச் சேர்த்து நிறுத்துவதற்கானது. ஆனால் யார் யாரோடு சேர்ந்து நிற்கலாம் என்ற கேள்வியை அவர் அங்கேயே விட்டுவிட்டார். நம் ஊர்களில் கேள்வியே அதுதான்.

தமிழ் வீடுகளும் கன்னட வீடுகளும் சந்திப்பை எப்படித் தொடங்கிவந்தன என்று பாருங்கள். வந்தவரை வீட்டுக்காரர் "வாங்க வாங்க" என்பார். கன்னடத்தில் அதே வினை, அதே இரட்டிப்பு: "பன்னி பன்னி". (தமிழ் எழுத்தில் எழுதினால் வேறொரு பிராணி வந்து நிற்கிறது. பெங்களூருத் தமிழர்களின் மிகப் பழைய நகைச்சுவை இதுவாகத்தான் இருக்கும்.) தெருவில் பார்த்தால் கேள்வி: "என்ன, மார்க்கெட்டுக்கா?", "எங்க இவ்ளோ தூரம்?" நேரத்தைப் பொறுத்து "டிபன் ஆச்சா", "சாப்டாச்சா". கன்னடத்தில் காலையில் "திண்டி ஆய்த்தா", மதியமும் இரவும் "ஊட்ட ஆய்த்தா". வட கர்நாடகத்தில் "ஆராம் இத்தீரா". சீனர்களும் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு உண்மையான விடை தேவையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பசியோடு இருப்பவரும் "ஆச்சு" என்பார். போன்ழூர் மாலையில் போன்ஸ்வார் ஆவதைப்போல, திண்டி மதியத்தில் ஊட்டவாக மாறுகிறது. பிரெஞ்சுக்காரர் வெயிலைப் பார்த்து மணி சொல்கிறார், பெங்களூர்க்காரர் இலையைப் பார்த்துச் சொல்கிறார். கடையில் இதுகூடக் கிடையாது. "அண்ணா, அரைக் கிலோ துவரம்பருப்பு" என்பதில் அந்த "அண்ணா"தான் முகமன். இளைஞர்களிடையே அது "குரு" ஆகும், "மகா" ஆகும், தமிழ் மச்சானிலிருந்து வந்து இன்று பெங்களூரின் ஆங்கிலத்திலும் குடியேறிவிட்ட "மச்சா" ஆகும். போன்ழூர் சொல்லாமல் பிரெஞ்சுக் கடைக்குள் நுழைகிறவர் முரடர் என்று பெயர் வாங்குவார். அந்தப் பழக்கத்தோடு பெங்களூர்ச் சிவாஜிநகருக்கு வருகிறவருக்கு இங்கே எல்லாருமே முரடர்களாகத் தெரியக்கூடும். அண்ணா என்பது காதில் விழுந்தாலும் அது முகமன் என்று அவருக்குத் தெரியாது.

அப்படியானால் நம்மிடம் வரவேற்புச் சொல்லே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன, அளவுக்கு மீறியே இருந்தன. எல்லாருக்கும் பொதுவான ஒன்றுதான் இல்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் (2.127) நலம் விசாரிக்கும் கேள்வியையே வருணத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: பிராமணனிடம் குசலம், சத்திரியனிடம் அநாமயம், வைசியனிடம் க்ஷேமம், சூத்திரனிடம் ஆரோக்கியம். பாணினியின் இலக்கணம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வணங்கியவருக்கு எதிர்வணக்கம் சொல்லும்போது வாக்கியத்தின் கடைசி உயிரொலியை நீட்டி ஒலிக்க வேண்டும், வணங்கியவர் சூத்திரராக இருந்தால் நீட்ட வேண்டியதில்லை (8.2.83). ஒரு மாத்திரை ஒலியில்கூட வருணம் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் ஏட்டுச் சட்டம், நடைமுறை வேறு என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் கூலிக்காரர் நிலக்காரரிடம் சொன்ன "கும்பிடுறேன் சாமி"யும், பழைய மைசூர்ப் பகுதியில் சொன்ன "அட்ட பித்தெ புத்தி"யும் ஏட்டில் இருந்தவையல்ல. "காலில் விழுந்தேன், ஐயா" என்பது பின்னதன் பொருள். கீழே இருப்பவர் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் தலையசைத்தால் போதும். திருப்பிச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை முகமன் என்று அழைப்பதற்கே நாக்குக் கூசுகிறது. அது ஆஜர் கொடுப்பது.

இதை உடைக்கும் முயற்சிகள் முதலில் சமயங்களிலிருந்து வந்தன. வைணவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது "அடியேன்" என்பார்கள். சொல்கிறவரும் அடியேன், கேட்கிறவரும் அடியேன். இத்தாலியரின் சாவ் இதே பொருளில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. "உம் அடிமை" என்ற வெனிஸ் வழக்குத்தான் தேய்ந்து சாவ் ஆயிற்று. ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் சொல்லும் செர்வுஸ் நேரடியாகவே லத்தீன் அடிமை. ஆனால் சாவ் அடிமையை மறந்து காப்பிக் கடைக்கு வந்துவிட்டது, அடியேன் சம்பிரதாயத்தின் வாசலைத் தாண்டவில்லை. கர்நாடகத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சரணர்கள் இன்னும் துணிந்தார்கள். அவர்களிடையே வழங்கிய, இன்றும் லிங்காயத்துகளிடம் வழங்கும் முகமன் "சரணு சரணார்த்தி". அதைப் பற்றிய ஒரு கதை கர்நாடகம் முழுக்கத் தெரிந்தது. தோல் தொழிலாளியான ஹரளய்யா சரணர்களின் தலைவரான பசவண்ணரைப் பார்த்து "சரணு" என்றார். பசவண்ணர் "சரணு சரணார்த்தி" என்று ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொன்னார். அந்த மிகுதி ஹரளய்யாவைக் கடனாளி ஆக்கிவிட்டது. அவரும் மனைவி கல்யாணம்மாவும் தங்கள் தொடைத் தோலை உரித்துச் செருப்புத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று கதை போகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மேலே இருப்பவர் திருப்பிச் சொன்ன ஒரு கூடுதல் சொல்லுக்கு உடம்பின் தோலை விலையாக வைக்கிற அளவுக்கு அந்தக் காலத்தில் எதிர்வணக்கம் அரிதாக இருந்திருக்கிறது என்பதை இந்தக் கதையைவிடத் தெளிவாக எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

வணக்கம் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. சொல் பழையது, அந்த வேலை புதியது. பழைய நூல்களில் வணக்கம் என்பது வளைதல், பணிதல். வள்ளுவரே கூடா நட்பு அதிகாரத்தில் (குறள் 827) பகைவரின் வாய்வணக்கத்தை நம்பாதே என்கிறார்; வில் வளைவது அம்பு விடுவதற்காகத்தானே என்பது அவர் சொல்லும் காரணம். எதிரே வரும் எவருக்கும் சொல்கிற பொதுச் சொல்லாக அது பரவியது 20ஆம் நூற்றாண்டில். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின் திராவிட இயக்க மேடைகளும் நமஸ்காரத்தை எடுத்துவிட்டு வணக்கத்தை வைத்தன. ஸ்ரீ திரு ஆனதும், அக்ராசனர் தலைவர் ஆனதும் அதே காலம். இதற்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும். செயற்கையாகத் திணித்த மேடைச் சொல், வீட்டுக்குள் யாரும் அம்மாவிடம் வணக்கம் சொல்வதில்லை என்பது ஒன்று. சமத்துவம் பேசியவர்கள் பணிதலைக் குறிக்கும் சொல்லையா எடுத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் மறுப்பில் உள்ள தகவல் சரி, முடிவு தவறு. வீட்டுக்குள் அது தேவைப்படவில்லை. அங்கே உறவுச் சொல் இருக்கிறது. உறவும் சாதியும் தெரியாத இருவர் ஒரே மண்டபத்தில், ஒரே அலுவலகத்தில் எதிரெதிரே நிற்கும்போதுதான் பொதுச் சொல் வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுக்கும் அதே நெருக்கடி வந்தது. 1793 வாக்கில் அவர்கள் ஐயா, அம்மையை ஒழித்துக் குடிமகனே, குடிமகளே என்று அழைத்தார்கள், கடிதங்களைச் "சலூவும் சகோதரத்துவமும்" என்று முடித்தார்கள். அது நிலைக்கவில்லை, வணக்கம் நிலைத்தது. இரண்டாவது மறுப்புக்குச் சாவ் விடை சொல்லிவிட்டது: இருவரும் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியதும் அதன் பழைய கூனல் நிமிர்ந்துவிடும். வணக்கத்துக்கு வணக்கம்தான் பதில். நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இப்படிப் பொதுவெளியில் பிறந்த சொல் பொதுவெளியின் சண்டைக்கும் உரியதாகிறது. கனடாவின் மொன்றியால் கடைகளில் "போன்ழூர்-ஹாய்" என்று இருமொழியில் வரவேற்பது வழக்கம். 2017 நவம்பரில் கியூபெக் சட்டமன்றம், கடைக்காரர்கள் போன்ழூர் மட்டும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒரு ஹாய்க்காகச் சட்டமன்றம் கூடியதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பெங்களூரில் இருந்துகொண்டு சிரிக்க முடியாது. கடையின் பெயர்ப்பலகைதான் கடைக்காரர் வாய் திறப்பதற்கு முன் சொல்லும் முதல் முகமன். அதில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் கன்னட அமைப்பினர் இந்நகரத்தின் தெருக்களில் இறங்கிப் பலகைகளைக் கிழித்தார்கள். அதன் பின் அது சட்டமாகவும் ஆயிற்று. கிழித்ததை ஏற்க முடியாது, கோரிக்கை நியாயமில்லை என்றும் சொல்ல முடியாது. தன் ஊரில் தன் மொழியில் வரவேற்கப்பட வேண்டும் என்ற ஆசை வணக்கத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு இருந்த அதே ஆசைதான். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒரு வணக்கம், ஒரு மறுவணக்கம். ஹரளய்யாவுக்கு நேர்ந்ததுபோல ஒரு பக்கம் கடன்படாமல் கணக்கு முடிந்தது.

போகும்போது சொல்வதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எந்தச் சட்டமன்றமும் ஓ ரெவ்வாருக்காகத் தீர்மானம் போடவில்லை. தமிழில் "போய்ட்டு வரேன்", கன்னடத்தில் "ஹோகி பர்தீனி", தெலுங்கில் "வெள்ளொஸ்தானு", மலையாளத்தில் "போயிட்டு வராம்" என்று சொல்லுக்குச் சொல் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பெங்களூர் தினமும் மாலை கலைகிறது. முதல் வினையையும் உதிர்த்துவிட்டு "வரேன்", "பர்தீனி" என்றாலே புறப்படுவதாகப் பொருள். திராவிட மொழிகள் ஒரே குடும்பம், அதனால் ஒத்துப்போகின்றன என்று இதை முடித்துவிட முடியாது. சிங்களத்தில் "கிஹின் என்னம்" என்பதும் போய் வருகிறேன்தான். மராட்டியர் எழுந்து "யேதோ" என்பார், வருகிறேன் என்று பொருள். வங்காளியின் "ஆஷ்சி"யும் அதுவே. குஜராத்தியில் வழியனுப்பும்போது "ஆவ்ஜோ", வாருங்கள். இவையெல்லாம் இந்தோ-ஆரிய மொழிகள். இந்தியா ஒரு மொழியியல் பரப்பு, இங்கே குடும்பம் வேறானாலும் மொழிகள் பழகிப் பழகி ஒன்றுபோல் ஆகியிருக்கின்றன என்று மொழியியலாளர் எமனோ 1956இல் எழுதினார். "போய்", "ஹோகி" போன்ற வினையெச்சக் கட்டமைப்பை அந்தப் பரப்பின் அடையாளங்களில் ஒன்றாக மாசிகா 1976இல் வரைபடமாக்கினார். சாங்லி மாவட்டத்துக் குப்வார் கிராமத்தில் கன்னடமும் மராட்டியும் உருதும் வாக்கிய அமைப்பில் ஒன்றாகிவிட்டதை 1971இல் கம்பெர்சும் வில்சனும் காட்டினார்கள். அவர்கள் பேசியது இலக்கணத்தை. வாசல்படியில் சொல்லும் சொல்லும் அப்படியே பரவியிருக்கிறது என்பது அதை ஒட்டிய செய்தி.

இந்த வாக்கியத்தின் உள்ளே இருக்கும் வினையைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் இரண்டாகப் பிரிக்கிறது: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும். அதாவது வா என்பது எனக்கும் உனக்கும் இடையில் மட்டும் நடக்கிற அசைவு. புறப்படுகிறவர் "போகிறேன்" என்று நிறுத்தினால் நீ இருக்கும் வட்டத்தை விட்டு வெளியேறுகிறேன் என்று ஆகிவிடும். "போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று பாட்டிகள் திருத்துவது இலக்கணத்தையும்தான். "வாங்க"வில் தொடங்கிய சந்திப்பு "வரேன்" என்று அதே வினையில் முடிகிறது. பிரெஞ்சுச் சந்திப்பு பகலில் தொடங்கிப் பார்வையில் முடியும், நம்முடையது தொடக்கத்திலும் முடிவிலும் வாசலிலேயே நிற்கிறது. இது வெறும் மூடநம்பிக்கை, அபசகுன பயம் என்பவர்களுக்குத் துக்க வீட்டைக் காட்டலாம். அங்கே போனவர்கள் வரேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவரும் அதை விழுங்கிக்கொள்வார். பயம் மட்டும் காரணமாக இருந்தால் பயம் மிகுந்த அந்த இடங்களில்தான் நல்ல சொல்லை உரக்கச் சொல்லியிருப்பார்கள். சொன்னால் அது வாக்குறுதி ஆகிவிடும் என்பதால் சொல்வதில்லை. வணக்கத்தை எங்கும் சொல்லலாம், அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. வரேன் கட்டுப்படுத்தும்.

பிரிவுச் சொல்லிலும் ஏற்றத்தாழ்வு இருந்ததே என்று ஒருவர் கேட்டால் மறுக்க முடியாது. விடை பெறுதல் என்ற தொடரிலேயே விடை என்றால் அனுமதி. "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்று பெரியவர்களிடம் சொல்வார்கள், கன்னடத்தில் "அப்பணெ கொடி". ஆனால் இவை அரண்மனையின், பண்ணையின் மொழி, அவற்றோடு மங்கிவிட்டன. இன்னொரு மறுப்பு வலுவானது: நகரத்துப் பிள்ளைகள் டாட்டாவில் பிறந்து பையில் வளர்கிறார்கள், இந்த வாக்கியம் இன்னும் எத்தனை நாள்? அவர்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டால் "பை, வரேன்", "பை, பர்தீனி" என்று இரண்டும் சேர்ந்து வருகிறது. பை நண்பர்களுக்கும் படிக்கட்டுக்கும், வரேன் வீட்டிலிருப்பவருக்கு.

இதற்குத் தொலைபேசி இன்னும் நல்ல சாட்சி. எடிசன் 1877இல் தொலைபேசி உரையாடலைத் தொடங்க ஹலோவைப் பரிந்துரைத்தார், கிரகாம் பெல் விரும்பியது கப்பலோட்டிகளின் அஹாய். ஹலோ வென்றது, உலகின் பல இடங்களில் போல இங்கும் அப்படியே வந்து உட்கார்ந்தது. தமிழரோ கன்னடரோ எதிர்ப்பில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பேச்சை முடிக்கும் இடத்தில் கடன் வாங்கவில்லை. யாரும் எங்கும் போகாததால் வரேன் பொருந்தவில்லை. உடனே "வச்சிடவா?", "வச்சிடறேன்" என்று தமிழும், "இட்தீனி" என்று கன்னடமும் தாமாகவே ஒன்றை உண்டாக்கிக்கொண்டன. எந்த இயக்கமும் மேடை போடவில்லை, எந்த அறிஞர் குழுவும் கலைச்சொல் ஆக்கவில்லை. இரு மொழியிலும் கருவியைக் கீழே வைக்கிற அதே வினை. வைப்பதற்கு ரிசீவர் இல்லாமல் போன பிறகும் வைத்துக்கொண்டே இருக்கிறோம். வருகையின் சொல் வெளியிலிருந்து வந்தது, பிரிவின் சொல் உள்ளேயே முளைத்தது என்ற என் வாதத்துக்கு இந்த ஒரு கருவியின் நூறாண்டுப் பழக்கமே போதும்.

வசந்தநகர் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் பிரெஞ்சு படிக்க உட்காருகிறவருக்கு முதல் பாடத்தில் போன்ழூர் கற்றுத் தருவது சரி. அது இல்லாமல் பாரிசில் ஒரு ரொட்டிகூட மரியாதையாக வாங்க முடியாது. பெங்களூருக்கு வேலைக்கு வருகிற தமிழருக்குக் கன்னடம் சொல்லித்தரும் சிறுநூல்களுக்கு அதே வரிசை பொருந்தாது. நமஸ்கார அவருக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாவிட்டாலும் ஒரு நாளில் காதில் விழுந்துவிடும். அதைச் சொல்லும்போது அவர் இன்னும் வெளியூர்க்காரர்தான். முதல் பக்கத்தில் "ஊட்ட ஆய்த்தா"வையும் "பர்தீனி"யையும் போடுங்கள். இரண்டாவதற்கு விளக்கம்கூடத் தேவைப்படாது. அந்த வாக்கியத்தை அவர் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஊரிலிருந்து வண்டி ஏறியிருப்பார்.